ஈறில் தேய்த்துப் பார்த்த டெஸ்டில் அப்பாவுக்கு இரண்டு கோடு. ஹெப்படைட்டிஸ் சி எச்சிலில் பரவுமா?

கடைசிலயம் எழுதியது:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு டவுன் ஓரத்தில் மலிவு வீடு கிடைத்து வந்தவர்கள். அப்பாவுக்கு 64 வயது, முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், இப்போது பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார்.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். சர்க்கரையும் பிரஷரும் பார்க்கத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மேசையில், கல்லீரலைத் தாக்குகிற ஹெப்படைட்டிஸ் சி வைரஸுக்கான டெஸ்டும் செய்தார்கள். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. தட்டையான ஒரு குச்சி, நுனியில் பஞ்சு மாதிரி ஒன்று. அதை மேல் ஈறின் வெளிப்பக்கம் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை இழுத்துவிட்டு, மருந்து இருந்த சின்னக் குப்பிக்குள் நிறுத்தி வைத்தார்கள். அப்பா வெற்றிலை போடுகிறவர், அதனால் முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்த பிறகுதான் தேய்த்தார்கள். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோடு. ஒன்று நல்ல அழுத்தமாக, இன்னொன்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு மங்கலாக. "இது முடிவு இல்லை, கிளினிக் கெசிஹாத்தானுக்குப் (அரசாங்க கிளினிக்) போய் ரத்தம் கொடுங்கள்" என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை.

இப்போது வீட்டு நிலவரம்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரியே அம்மா அப்பாவின் கோப்பையையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "வாயில தேய்ச்சுதானே கண்டுபிடிச்சாங்க, அப்போ வாயிலதானே இருக்கு" என்கிறார். என் மகனுக்கு மூன்று வயது, தாத்தா ஊட்டினால்தான் சோறு இறங்கும், அவனையும் கிட்டே விடுவதில்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவரே பின்பக்கக் குழாயில் கோப்பையைக் கழுவி மதில் மேல் கவிழ்த்து வைக்கிறார். குசினிக்குள் கால் வைத்து ஐந்து நாள் ஆகிறது.

அம்மா கேட்பதற்கு என்ன பதில் சொல்வது? அந்த மங்கல் கோடு கணக்கா இல்லையா? அப்பா போதை ஊசி போட்டவர் இல்லை, பச்சை குத்தியதில்லை. எப்படி வந்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_லேப்காரன் எழுதியது:

தங்கச்சி, ஆஸ்பத்திரி லேப்பில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தக் குச்சி வைரஸைத் தேடவே இல்லை. அது தேடுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்க நம் உடம்பே செய்து வைக்கிற புரதத்தை. ஆன்டிபாடி ரத்தத்தில் ஓடுகிறது, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ரத்தத்திலிருந்து ஒரு நீர் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதோடு ஆன்டிபாடியும் சேர்ந்து வரும். ஈறை ஒட்டித் தேய்க்கச் சொல்வது அதற்காகத்தான். நாக்கில் ஊறுகிற எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் அந்த அளவுக்குச் சரிவராது.

உங்கள் ஊருக்குப் பழக்கமான உதாரணமே சொல்கிறேன். செம்பனைக்குள் யானை புகுந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்டால் மறுவாரமே மின்வேலி போடுகிறார்கள் இல்லையா? அந்த வழியாகப் போகிற வெளியூர்க்காரன் வேலியைப் பார்த்து "இங்கே எப்போதோ யானை வந்திருக்கிறது" என்று சொல்லலாம். யானை இப்போதும் உள்ளே நிற்கிறதா என்பதை வேலி சொல்லாது, உள்ளே போய் யானையைத்தான் தேட வேண்டும். அப்பா வாயில் தெரிந்தது வேலி. வேலியைத் தொட்டு யாருக்கும் யானை பிடிக்காது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

யானையைத் தேடுகிற டெஸ்ட் ரத்தத்தில் செய்வது. ஆர்என்ஏ டெஸ்ட் என்பார்கள், சிலர் வைரல் லோட் என்பார்கள். சில இடங்களில் அதற்குப் பதிலாக கோர் ஆன்டிஜன், அதாவது வைரஸின் சொந்தப் புரதம் ஒன்றைப் பார்ப்பார்கள். அதில் வைரஸ் இருந்தால்தான் வியாதி நடக்கிறது என்று பொருள். இந்த வைரஸ் தொற்றிய 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும். போன பிறகும் ஆன்டிபாடி தங்கிவிடும், அநேகமாக ஆயுசுக்கும். மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமானவரும் அந்தக் குச்சியில் தேய்த்தால் இரண்டு கோடுதான் வரும். ஆகவே குணமானதா என்று பார்க்க யாராவது மறுபடி குச்சியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வீண் பயம்தான் மிச்சமாகும்.

மங்கல் கோடு கணக்குத்தான். "சி" எழுத்துக்குப் பக்கத்தில் வருவது குச்சி வேலை செய்தது என்பதற்கான கோடு, அது வராவிட்டால் அந்த டெஸ்டே செல்லாது. "டி" பக்கத்தில் எவ்வளவு மங்கலாக வந்தாலும் வந்ததுதான். இருபதாவது நிமிஷத்திலிருந்து நாற்பதாவது நிமிஷத்துக்குள் படித்துவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் பார்த்துவிட்டுச் சொல்வதற்கு மதிப்பில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. ஈறில் கசியும் நீரில் இருக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு குறைவு. ஓராகுவிக் என்கிற குச்சியை வைத்துச் செய்த ஒப்பீட்டில் ரத்தத்தில் பார்த்தபோது 100 நோயாளிகளில் கிட்டத்தட்ட அத்தனை பேரையும் பிடித்தது, வாயில் பார்த்தபோது 98 பேர் அளவுக்குப் பிடித்தது. ஊசிக்குப் பயந்து டெஸ்டே வேண்டாம் என்று ஒதுங்குகிறவனுக்கு அந்த 98 பெரிய வரம் என்பேன். உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் ஹெப்படைட்டிஸ் சி சுய பரிசோதனையைப் பரிந்துரைத்தது, 2024 ஜூலையில் முதல்முறையாக ஒரு சுய பரிசோதனைக் கருவியைச் சோதித்து ஏற்றுக்கொண்டது. அதுவும் ஈறில் தேய்க்கிற இந்த வகைதான்.

தொற்றிய உடனே ஆன்டிபாடி வராது, 8 முதல் 11 வாரம் வரை பிடிக்கும் என்பதையும் வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லி வையுங்கள். நேற்று ஏதோ ஆகிவிட்டு இன்று ஒற்றைக் கோடு வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.


கோப்பேங்_பெரியப்பா எழுதியது:

மகளே, பயப்படாதே. காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து. வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் ஏழு நாள் கொடு. எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். தட்டைத் தனியாக வைத்ததிலும் தப்பில்லை, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.


கிளினிக்_அக்கா எழுதியது:

பெரியப்பா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இரண்டும் தப்பு, மன்னியுங்கள். தோட்டத்தில் காமாலை வந்து எழுந்தவர்களில் நிறைய பேருக்கு வந்தது தண்ணீர், சாப்பாடு வழியாக வருகிற ஏ வகையாக இருந்திருக்கும். அது பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தானாகப் போகிற வியாதி, பெயர் கீழாநெல்லிக்குப் போய்விட்டது. சி வகை அப்படி இல்லை. கண் மஞ்சளாகாமல், வலி இல்லாமல் இருபது முப்பது வருஷம் கல்லீரலுக்குள் உட்கார்ந்திருக்கும், தெரிய வரும்போது கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருக்கும், சிலருக்குப் புற்றாகவும் மாறியிருக்கும். ஏழு நாள் மோரில் அது போகாது. மூலிகை ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தட்டு விஷயம். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கோப்பையில் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, தும்மல், கொசு, எதிலும் இது பரவாது. ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்தால்தான். உங்கள் மகனுக்கு அவன் தாத்தா தாராளமாக ஊட்டலாம், இன்றைக்கே ஊட்டச் சொல்லுங்கள். தனியாக வைக்க வேண்டியது சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. காயம் பட்டால் அவரே துடைத்துக் கட்டுப் போட்டுக்கொள்ளட்டும். அவ்வளவுதான். தட்டைப் பிரித்துவிட்டு ரேசரைப் பொதுவில் வைத்திருக்கிற வீடுகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்பா அந்தக் காலத்தில் ஊசி போட்டுக்கொண்டாரா? கண்ணாடி ஊசியைத் தட்டில் வைத்து வென்னீரில் போட்டு எடுத்து அடுத்தவருக்குப் போட்ட காலம் அது. அதே ஊசிதான் காரணம் என்று யாராலும் இப்போது நிரூபிக்க முடியாது, ஆனால் சரியாகக் கிருமி நீக்காத ஊசி இந்த வைரஸுக்குத் தெரிந்த வழி. எகிப்தில் 1960களிலிருந்து 80களின் தொடக்கம் வரை, நத்தை வழியாக வரும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்கக் கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் நாடு முழுக்க ஹெப்படைட்டிஸ் சி பரவிவிட்டது. இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989ல்தான், அதற்கு முன் தானம் கொடுத்த ரத்தத்தில் இதைத் தேட யாருக்கும் வழி இல்லை. ஆகவே அப்பாவை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேளுங்கள்.


கிந்தா_மோட்டார் எழுதியது:

அக்கா, எனக்கு இருந்தது. இப்போது இல்லை.

எனக்கு வந்த வழி வேறு, இருபது வயதில் கெட்ட சகவாசம், ஊசி. அதை மறைத்து எழுத விரும்பவில்லை, ஏனென்றால் அந்த ஒரு காரணத்தால்தான் நான் டெஸ்டுக்கே போகாமல் பத்து வருஷம் இருந்தேன். ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி என் வியாதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். நான் சீட்டைப் போட்டுவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அதற்கப்புறம் இரண்டு வருஷம் எந்த கிளினிக் பக்கமும் போகவில்லை. வீட்டிலேயே ஈறில் தேய்த்துப் பார்க்கிற குச்சி அந்த நாளில் என் கையில் இருந்திருந்தால் இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள். வைரஸ் இருந்தால் கல்லீரல் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள், ஹெப்படைட்டிஸ் பி வகையும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் சி வகைக்கு மருந்து கொடுக்கும்போது தூங்குகிற பி எழுந்துகொள்ளலாம். அப்புறம் மாத்திரை. எனக்கு சோஃபோஸ்புவிரும் டக்லட்டாஸ்விரும், தினமும் ஒரு வேளை, 12 வாரம். கல்லீரல் சுருங்கியிருந்தால் 24 வாரம் வரை போகும். எனக்கு முதல் வாரம் தலைவலி, கொஞ்சம் அசதி, அதோடு சரி. என் மாமா ஒருவர் பழைய இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர், வாரம் ஒன்று, 48 வாரம், ஊசி போட்ட ராத்திரியெல்லாம் குளிர் ஜுரத்தில் நடுங்குவார், கடைசியில் அது கேட்கவும் இல்லை. அவரோடு ஒப்பிட்டால் நான் பட்டது ஒன்றுமே இல்லை.

காசைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்பு இந்த மாத்திரை நம்மைப் போன்றவர்கள் நினைத்தே பார்க்க முடியாத விலை. 2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி சோஃபோஸ்புவிரை மலிவாக வாங்கிக்கொள்ள முடிவு எடுத்தது, 2018லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ரவிடாஸ்விர் என்று இன்னொரு மாத்திரை, எகிப்துக் கம்பெனி செய்வது, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காடு பேர் குணமானார்கள். 2021ல் அதையும் இங்கே பதிந்தார்கள். கிளினிக் அக்கா மேலே எழுதிய அதே எகிப்துதான், படித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

மாத்திரை முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அந்தத் தாளில் வைரஸ் இல்லை என்று வந்தால் குணம். என்னுடைய தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இதய மாத்திரை ஏதாவது உண்டா? அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.


கடைசிலயம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலை மாற்றி மாற்றி வந்ததால் ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

யானை, வேலி கதையை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டபோது, அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். 1986ல் அண்ணன் பிறந்தபோது இரண்டு பாட்டில் ஏற்றினார்களாம். "அப்போ எனக்கும் இருக்குமோ" என்று கேட்டார். அதுவரை அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்துவிடும் என்றுதான் அம்மா பயந்துகொண்டிருந்தார், தன்னிடமிருந்து அப்பாவுக்கு வந்திருக்கலாம் என்று யோசித்ததே இல்லை. சரி, அதெல்லாம் இப்போது தேவையில்லாத கணக்கு என்று நானே பேச்சை நிறுத்திவிட்டேன். அன்று சாயந்திரம் மதில் மேல் இருந்த கோப்பையை அம்மாவே எடுத்து வந்து மற்றதோடு சேர்த்துக் கழுவினார்.

மறு வாரம் இரண்டு பேரையும் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள், ஒற்றைக் கோடு. 1986க்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டதால் வாரக் கணக்கெல்லாம் தேவையில்லை, அந்த ரத்தத்தில் பயமில்லை என்றார் நர்ஸ். அப்பாவுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், வைரஸ் இருக்கிறது என்று வந்துவிட்டது. கல்லீரலில் தழும்பு ஆரம்பித்திருக்கிறது, சுருங்கவில்லை என்றார் டாக்டர். வருகிற திங்கள்கிழமை மாத்திரை தொடக்கம், 12 வாரம். இதய மாத்திரை கிடையாது, பிரஷர் மாத்திரை மட்டும்தான், அதைக் காட்டிவிட்டோம்.

ஊசியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். லயத்தில் இருந்தபோது ஜுரம் என்றால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஊசி போடுவாராம். "தட்டுல மூணு ஊசிதான் இருக்கும், ஆளு நாப்பது பேரு நிப்போம்" என்றார். அவரோடு வரிசையில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் பெயரை அவரே ஒரு தாளில் எழுதச் சொன்னார், பதினொரு பெயர். அடுத்த முகாமுக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போகிறாராம்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். தைப்பூசத்துக்கு அப்பா வழக்கமாக 48 நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மதியம். மாத்திரையும் விரதமும் ஒன்றாக வருகிறது. விரதத்தை விடச் சொன்னால் மாத்திரையையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.


கிந்தா_மோட்டார் எழுதியது:

அக்கா, அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரு நாள்கூட விடாமல் என்பதுதான் முக்கியம். மதியச் சோற்றோடு என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் மறக்காது. பிரஷர் மாத்திரை எப்போது என்பதையும் சேர்த்து டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அலகு குத்துகிறவரா?


கடைசிலயம் எழுதியது:

இல்லை தம்பி, எப்போதும் பால்குடம்தான்.


கிந்தா_மோட்டார் எழுதியது:

அப்படியென்றால் ஒன்றும் இல்லை, எடுக்கட்டும். அந்தப் பதினொரு பேரில் யாராவது கிளினிக்குக்கு வரக் கூச்சப்பட்டால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, நானே வந்து கூட்டிப் போகிறேன்.